விநாடிக்கு எட்டாயிரம்

வலது தோள் கழன்று விழுந்துவிடும்போல் வலித்தது. அந்தப் பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டியையும் அதன் கனத்த திரையையும் கிடங்கிலிருந்து மூன்றாம் மாடிக்கு ஆபரேட்டர் தனியாகத்தான் சுமந்து வந்திருந்தான். லிப்ட் இருந்தது, பழைய சாமானுக்குக் கிடையாதாம். இந்த ரசாயன ஆலைக்கு உழைத்துத் தேய்ந்த என் முதுகும் பழைய சாமான்தானே என்று பல்லைக் கடித்தான். மேனேஜர் சொன்ன வேலை ஒன்றுதான்: உள்ளே இருப்பதை எல்லாம் அழி, ஐந்து மணிக்குப் பழைய இரும்பு லாரி வரும்.

பெட்டி முக்கி முனகி எழுந்தது. ஒரு காலத்தில் கன்ட்ரோல் ரூமுக்கு வரும் இன்டர்காம் பேச்சை எல்லாம் பதிவுசெய்து, கூடவே தன் உள்ஸ்பீக்கரிலும் ஒலித்தது இதுதான். டெலிபோன் தரச் சத்தம். விநாடிக்கு எட்டாயிரம் பைட். அளவைப் பார்த்தே எத்தனை நிமிஷப் பேச்சு என்று அவன் மனக்கணக்காய்ச் சொல்வான். கடைசிக் கோப்பு முப்பத்தெட்டு லட்சத்து நாற்பதாயிரம், எட்டு நிமிஷம். தேதியைப் பார்த்தான். அக்கா புருஷன் ஆறாம் தொட்டிக்குள் செத்த நாள்.

கீழே போய் டீயை விழுங்கிவிட்டு ஐந்து நிமிஷத்தில் வந்தான். மறுபடி பட்டியலைப் போட்டான்.

அறுபத்திரண்டு லட்சத்து நாற்பதாயிரம். பதின்மூன்று நிமிஷம்.

பெட்டியின் பின்புறத்தைத் தடவினான். மின்கம்பி, திரைக் கம்பி, கீபோர்டுக் கம்பி தவிர வேறு இல்லை; இன்டர்காம் கம்பியே இல்லை.

ஓடவிட்டான். கொதிக்கும் எண்ணெய்போல ஓர் இரைச்சல், இரும்பில் இரும்பு மோதும் சத்தம், அதற்கு அடியில் தொட்டிச் சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்பிய அந்தக் கட்டைக் குரல்.

"கன்ட்ரோல் ரூம்! மேல்மூடியைத் திறங்கய்யா, உள்ள ஆள் இருக்கேன்! மச்சான், நீதானடா டூட்டி?"

மாமா செத்த அன்றைக்கு இந்தப் பெட்டியில் உற்பத்தி அறிக்கை ஆமையாய் நகர்ந்தது. அறிக்கையையும் ஸ்பீக்கரையும் சேர்த்து இழுக்க இந்தப் பெட்டிக்கு வேகம் போதாது. ஸ்பீக்கர் ஒலித்தால் அறிக்கை திணறும். "அந்த இழவை நிறுத்துப்பா" என்றார் மேனேஜர். நிறுத்தினான். பதிவு மட்டும் ஓடியது; ஸ்பீக்கரைத் திரும்பப் போட மறந்தான். அழைப்பே வரவில்லை, செத்தவன் குடித்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கிவிட்டான் என்று விசாரணையில் எழுதியதற்குக் கீழே கையெழுத்தும் போட்டான். அக்கா இன்றுவரை தெருவில் தலைநிமிர்ந்து நடந்ததில்லை. இதையும் அழித்தால் மாமா கடைசிவரை குடிகாரன்தான்.

மேஜைத் தொலைபேசி அடித்தது.

"இன்னுமா அழிக்கல?" மேனேஜர்.

"மாமா கூப்பிட்டிருக்காரு சார். பதிவு இருக்கு."

"பழைய குப்பையைக் கிளறாத."

"ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னது நீங்கதான்யா!"

"சொன்னது என் வாய். நிறுத்தினது யார் கை?"

ரிசீவரை அறைந்து வைத்தான்.

ஸ்பீக்கர் ஒரு கணம் அடங்கியது. பிறகு மூச்சு. மிக அருகில்.

"யார்கூடடா பேசிட்டிருந்தே, மச்சான்? நான் இவ்வளவு நேரமா கத்துறேன்."

மின்கம்பியைப் பிடுங்கினான். திரை செத்தது. காற்றாடி நின்றது.

இரைச்சல் நிற்கவில்லை.

தொட்டிக் கசடின் நாற்றம். தொண்டை எரிந்தது. பெட்டியின் தகரமூடியில் ஒரு தட்டு.

உள்ளேயிருந்து.

இன்னொரு தட்டு. தகரம் மேல்நோக்கிப் புடைத்தது. காற்றுத் துவாரங்களில் கறுப்பாய் ஏதோ கசிந்தது. நகங்கள், ஒவ்வொரு துவாரமாக, வெளியே வழி தேடின. நான்கே திருகாணிகள். கையெட்டும் தூரத்தில் திருப்புளி. அவன் அதை எடுக்கவில்லை. சுவரோடு சுவராய் ஒட்டி நின்றான்.

"திறடா."

பதினொரு வருஷமாக அவன் மாமாவுக்குப் பாக்கி வைத்திருந்தது அது ஒன்றுதான்: ஒரு மூடியைத் திறந்துவிடுவது.