இரண்டாம் வரியில் ஓர் இருமல்

காலையில் மகிழினியை எழுப்புவது அப்பா கதிரேசனின் குரல்தான். நேற்று அவளுக்குப் பல் விழுந்ததைக் கிண்டல் செய்து, இன்று கூடத்து ஸ்பீக்கர்களில் ஒரு புதுப்பாட்டு. சிரித்துக்கொண்டே பல் துலக்கினாள். அம்மா தமயந்தி தோசையைத் திருப்ப மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோவையில் இப்போது இசைக்கணினி இல்லாத வீடு கிடையாது. வீட்டில் நடப்பதையெல்லாம் கேட்டு, அவரவர் மனதுக்கு ஏற்றபடி, வேண்டியவர் குரலிலேயே பாட்டுக் கட்டிப் பாடும். பாடியதை இன்னொரு முறை பாடாது. செத்துப்போனவர்களின் குரலும் இப்படித் தினம் ஒரு பாட்டாக வந்துகொண்டிருப்பதால், பிள்ளைகளிடம் சாவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பெரியவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. மகிழினி கைக்குழந்தையாக இருந்தபோதே கதிரேசன் நுரையீரல் நோயில் இறந்துவிட்டான். அவளைப் பொறுத்தவரை அப்பா வெளியூரில் இருக்கிறார்.

போன வாரம் அந்தக் குரல், "சீக்கிரம் வந்துருவேன் கண்ணு" என்று பாடிவிட்டது. அன்றிலிருந்து பள்ளி விட்டதும் லிஃப்ட் வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். கூப்பிட்டாலும் சாப்பிட வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தமயந்தி பரணிலிருந்து கதிரேசனின் பழைய சிடி பிளேயரை இறக்கினாள். அதற்காக அவன் நண்பர்களோடு எவ்வளவு மல்லுக்கட்டியிருப்பான். "கணினி கேக்கறவன் மூஞ்சியப் பாத்து வாசிக்குமுங்க. சிடி தட்டுக்கு அந்தப் பொழப்பு தெரியாது. இருக்கறதத்தான் சொல்லும்" என்பான். ஆம்ப்ளிஃபயரில் வயரைச் செருகி, அவன் வீட்டிலேயே பாடிப் பதிந்த ஒரே தட்டைப் போட்டாள்.

ஒரு தாலாட்டு. இரண்டாம் வரியில் இருமினான், கொஞ்சம் நிறுத்தினான், தொடர்ந்தான். மகிழினிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இன்னொருக்கா பாடச் சொல்லும்மா."

மறுபடியும் அதே இடத்தில் அதே இருமல். அதற்கடுத்த முறையும்.

எதையும் திரும்பக் கேட்டு வளராத பிள்ளை அது. பயந்துபோய் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, அப்பா மாத்திப் பாடவே மாட்டேங்கறாரு?"

"இனி அவரால மாத்த முடியாது கண்ணு. இது உசுரோட இருந்தப்பப் பாடுனது. அப்பா செத்துப்போயிட்டாரு. வர மாட்டாரு."

"அப்ப காலைல பாடறது?"

"அது கணினி."

மகிழினி தேம்பித் தேம்பி அழுதாள். தமயந்தியும் அடக்கிவைத்த அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். அன்று மாலை பிள்ளை லிஃப்ட் பக்கம் போகவில்லை. தயிர்சோறு தின்றுவிட்டு அம்மா மடியிலேயே தூங்கிப்போனாள். தமயந்திக்கு நெஞ்சு லேசானது. கணினியை நிறுத்தி வைக்கத் தோன்றவில்லை. அதை நிறுத்தும் பழக்கம் எந்த வீட்டிலும் இல்லை.

மறுநாள் காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது பாட்டு கேட்டது. அதே தாலாட்டு. இரண்டாம் வரியில் அதே இருமல். ஆனால் நிறுத்தியவன் தொடரவில்லை.

"நேத்து ரொம்ப அழுதியா கண்ணு? அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, அவ்வளவுதான். இருமல் நின்னதும் கெளம்பி வந்தர்றேன்."

தமயந்தி ஈரத்தோடு ஓடி வந்து கணினியின் வயரைப் பிடுங்கினாள். படுக்கையில் பிள்ளை இல்லை. வாசல் கதவு திறந்து கிடந்தது.

லிஃப்ட் முன்னால் மகிழினி உட்கார்ந்திருந்தாள், கையில் இருமல் மருந்து பாட்டிலோடு.