வெரோனிகா இல்லாத ஊர்

ஊர் பதினோராவது வருடத்தில் செத்துப்போனபோது வெரோனிகா டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"மறுபடியுமா?" என்றார் தேர்வாளர் நாச்சியப்பன்.

"மறுபடியும் சார்."

நிகழூர் என்பது கேரம் போர்டு அளவுள்ள ஒரு பெட்டி. ஒரு குடியிருப்பின் கிணற்று மட்டம், காய்கறிப் பாத்தி, எருக்குழி, யாருக்கு யாரைப் பிடிக்காது என்பதெல்லாம் உள்ளே கொடுத்தால், அந்த ஊரின் அடுத்த எண்பது வருடத்தை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் ஓட்டிக் காட்டும். கூட்டுவாழ்வுப் பயிற்சி நிலையத்தில் இறுதித் தேர்வே அதுதான். பயிற்சி பெறுபவர் வடிவமைத்த ஊர் பெட்டிக்குள் எண்பது வருடம் தாங்கினால் அவருக்கு ஆசிரியர் பட்டம், ஊருக்கு நிரந்தர நிலம். தாங்காவிட்டால் அந்த நிலம் வரிசையில் நிற்கும் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும்.

வெரோனிகாவின் ஊரில் நாற்பது குடும்பங்கள். வடசென்னைக் கரையைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு கல்வராயன் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். மண்ணையும் மலத்தையும் மரியாதையாக நடத்துவது எப்படி என்று மூன்று வருடமாக அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். நாற்பதில் ஒன்று அவளுடைய குடும்பம்: கணவன் அமல்தாஸ், மகள் ஷைனி.

குளத்தை ஆழப்படுத்திப் பார்த்தாள். கம்பை எடுத்துவிட்டு வரகு போட்டாள். எதைப் போட்டாலும் பதினோராவது வருடம் ஊருக்குக் கருமாதி. நாச்சியப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெட்டிக்குள் குனிந்தார்.

"அந்த வருஷம் உங்களுக்கு ஜுரம் வருதும்மா. மூணு வாரம் படுக்கை. அதுக்குள்ள ஊர் அடிச்சுக்கிட்டுப் பிரிஞ்சு போயிடுது."

"எனக்கு ஜுரம் வந்தா ஊர் ஏன் சார் சாகணும்?"

"மடையை யார் முதல்ல திறக்கறதுன்னு சண்டை வந்தா உங்ககிட்ட வர்றாங்க. ஆடு பாத்தியில மேஞ்சாலும் உங்ககிட்டதான். நீங்களும் நல்லாவே தீர்த்து வைக்கறீங்க. அதான் வியாதி. அவங்களுக்கு ஒரு சண்டையைத் தானா போட்டுத் தானா முடிக்கத் தெரியல."

அவர் ஒரு பொத்தானை அழுத்தி, வெரோனிகாவை ஊரிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார்.

முதல் வருடம் இரண்டு மண்டை உடைந்தது. ஒரு மோட்டார் கிணற்றில் விழுந்தது. தானாக விழுந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். அடுத்த வருடம் வேப்பமரத்தடியில் கூடி நின்று கத்தினார்கள். அதற்கடுத்த வருடமும் கத்தினார்கள், ஆனால் உட்கார்ந்துகொண்டு. எண்பது வருடம் முடிந்து பெட்டிதான் நின்றது. ஊர் அசையவில்லை.

"பாஸ்" என்றார் நாச்சியப்பன், துக்கம் விசாரிக்கும் குரலில்.

வெரோனிகா வீட்டுக்குப் போனபோது அமல்தாஸ் எருக்குழியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"நான் இல்லன்னாதான் ஊரு நிக்குமாம்."

"எவன் சொன்னது, பொட்டியா? அது கெடக்குது. வா, மூணு பேரும் எங்கனா போயிரலாம்."

"உன்னை எடுத்துட்டும் ஓட்டிப் பாத்தேன்."

"இன்னா ஆச்சு?"

"நாலே வருஷம். எல்லார்கிட்டயும் முதல்ல சண்டைக்குப் போறது நீதானாம். நீ ஆரம்பிக்கலன்னா ஆளாளுக்கு மனசுலயே வெச்சுக்கினு, ஒருநாள் மூட்டை கட்டிருவாங்களாம்."

ஒரு நொடி அமல்தாஸுக்குப் பெருமை தாங்கவில்லை. "வாயத் தொறந்தாலே தப்புன்னியே இத்தினி வருஷம்?" என்றான். பிறகு புரிந்தது. மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"நெலம் போனா போவட்டும், வெரோ."

"நாப்பது வீட்டுக்கும் நீ போய்ச் சொல்றியா?"

எல்லோரிடமும் முதலில் சண்டைக்குப் போகிறவன் அன்றைக்கு ஒரு வீட்டுக்கும் போகவில்லை.

ஷைனியை மட்டும் அவள் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கவில்லை. ஷைனி இல்லாவிட்டாலும் ஊர் நிற்கும் என்று பெட்டி சொல்லிவிட்டால், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவோமோ என்று பயமாக இருந்தது.

பட்டம் வாங்கிய அத்தனை பேருக்கும் இதே முடிவுதான் வந்தது. ஊரை அமைத்தவர் ஊரில் இருக்கக் கூடாது. அதனால் அவர்களெல்லாம் நிலையத்தின் விடுதியில் தங்கி, சேர்ந்து வாழ்வது எப்படி என்று பாடம் எடுத்தார்கள். பகலில் பொது அடுப்பின் பெருமை. மாலையில் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கெட்டில், ஆளுக்கொரு பூட்டு. யாரும் பக்கத்து அறையில் சர்க்கரை கேட்பதில்லை. கேட்டால் கூடவே ஆலோசனையும் வரும்.

ஒருமுறை நாச்சியப்பன் அந்த விடுதியையே நிகழூரில் போட்டு ஓட்டினார். தண்ணீர்ச் செலவு குறைவு, குப்பை குறைவு, சண்டை அறவே இல்லை. உடைவதற்கு எதுவும் இல்லாததால் எண்பது வருடத்தில் எதுவும் உடையவில்லை. முழு மதிப்பெண். வாசலில் 'மாதிரிக் குடியிருப்பு' என்று பலகை மாட்டினார்கள். புதிதாகச் சேருகிறவர்களை முதல் நாளே அழைத்துவந்து காட்டுவது வழக்கமாயிற்று.

வெரோனிகா விடுதிக்கு வந்து ஆறாவது வருடம், அப்படி ஒரு கும்பலுக்குத் தன் அறையைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஷைனியிடமிருந்து போன் வந்தது.

"ம்மா, அப்புறம் பேசறேன். இங்க செம சண்டை. அப்பா மடையத் தொறந்துட்டாரு."

"வெச்சிராத. அப்படியே இரு."

"உனுக்குக் கேக்குதா?"

கேட்டது. அமல்தாஸின் தொண்டை. அதற்கு மேலே பக்கத்து வீட்டு லூர்து அக்கா: "இன்னாடா, உங்கப்பன் வெட்டுன வாய்க்காலா?" யாரோ சிரித்தார்கள். ஒரு குழந்தை அழுதது. ஒரு நாய் தன் கட்சியைத் தெரிவித்தது.

"ம்மா, நீயே சொல்லேன், இன்னா பண்லாம்?"

மடையின் நடுவே ஒரு பலகையைச் செருகினால் தண்ணீர் இரண்டாகப் பிரியும். அரை நாள் வேலை. சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"தெரியலடி" என்றாள் வெரோனிகா.

"உனுக்கு எதுதான் தெரியும், போ!" ஷைனி போனை அணைக்காமலே எங்கோ வைத்துவிட்டுச் சண்டைக்குள் ஓடினாள்.

வெரோனிகா தன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு அமைதியா இருக்கு மேடம் உங்க ஊர்!" என்றான் ஒரு பயிற்சி மாணவன், காலி நடைவழியைப் பார்த்து.

அவள் உதட்டில் விரல் வைத்து, கொஞ்சம் சும்மா இருக்கச் சொன்னாள்.