குறைச் சீட்டு

வாங்கிய இசைத்தட்டில் குறை இருக்கிறது என்று திருப்பி அனுப்பியவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். குறை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டு, போனிலும் கூப்பிட்டவர் இவர் ஒருவர்தான்.

"ரெண்டாவது பாட்டுல மூணு தரம் தட்டுற சத்தம் வரும்னு எழுதியிருக்கீங்க. பத்து தடவை போட்டுப் பாத்துட்டேன், ஒண்ணையும் காணோம். வேற தட்டை மாத்தி அனுப்பிட்டீங்களோ?"

"அதே தட்டுதான் சார். நானே கேட்டு எழுதினது."

லேசான குறையுள்ள பழைய இசைத்தட்டுகளை விற்பது அவள் தொழில். ஓரம் கிழிந்த உறை, மயிரிழைக் கீறல், யாரோ பேனாவில் கிறுக்கிய பெயர். ஒவ்வொன்றையும் ஹெட்போன் மாட்டி முழுக்கக் கேட்டு, வந்த சத்தத்தை வந்தபடியே சீட்டில் எழுதி, தேதி போட்டு உறையில் ஒட்டுவாள்.

"குறையை இவ்வளவு ஆசையா எழுதுறவ நீ ஒருத்திதான்டி. என்னையும் ஒருநாள் காது குடுத்துக் கேட்டு ஒரு சீட்டு ஒட்டேன்" என்று அக்கா சிரிப்பாள்.

அக்கா போய் ஏழு வாரம். அவள் தட்டு கேட்கும் இந்த அறையை ஒட்டிய குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள். "விழுந்த உடனே உயிர் போயிருக்கும்மா" என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாளும் தூங்கினாள்.

வெளியே மதிய மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருக்க, பழைய அட்டையின் புழுங்கிய வாசனை அறை முழுக்கப் பரவியிருக்க, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரும்பி வந்த தட்டில் முள்ளை இறக்கினாள். கரகரப்பு. முதல் பாட்டு. இரண்டாவது பாட்டு துடைத்துவிட்டது போலச் சுத்தமாக ஓடி முடிந்தது.

முள்ளைத் தூக்கி வைத்துவிட்டு உறையைத் திருப்பினாள். சீட்டில் தேதி.

அக்கா விழுந்த நாள்.

அன்று மதியம் ஐந்து தட்டுகள் கேட்டிருந்தாள். மற்ற நான்கும் அலமாரியிலேயே இருந்தன. ஒவ்வொன்றாக உருவினாள். அவளுடைய கையெழுத்துதான். நிதானமான, அழகான கையெழுத்து.

இரண்டாவது தட்டு: விட்டு விட்டுத் தட்டல்.

மூன்றாவது: தட்டல் மெலிவு. இசையைப் பாதிக்காது.

நான்காவது: நகத்தால் கீறுவது போல. பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஐந்தாவது: குறை ஏதுமில்லை.

ஹெட்போனைக் கழற்றினாள். தட்டு நின்றுவிட்டிருந்தது.

தட். தட். தட்.

முதுகுக்குப் பின்னால்.

உடைத்த நாளிலிருந்து குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. சின்னக் காற்றுக்கே திறந்துகொள்ளும். ஓடிப்போய்த் தள்ளினாள்.

அசையவில்லை.

தோளால் முட்டினாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டை மட்டும். கதவு சுவரைப் போல நின்றது.

"அக்கா! இதோ வந்துட்டேன்க்கா! கேக்குது! எனக்குக் கேக்குது!"

தட்டல் விட்டு விட்டு வந்தது. பிறகு மெலிந்தது.

பிறகு, கதவின் அடியில், அவள் பாதத்துக்கு நேராக, ஒரு நகம் மெல்லக் கீறத் தொடங்கியது.