ராமாயி பெரியம்மா வீட்டு பிளக்

கவிதா, தூங்கிவிடாதே. இதை உன்னிடம் சொல்லாமல் என்னால் கண்ணை மூட முடியாது.

வெளியே பூட்டு தொங்கியது. சாவி என் கழுத்துக் கயிற்றில் இருந்தது. அப்படியும் அந்த வீட்டுக்குள் யாரோ ஸ்விட்ச்சைத் தட்டினார்கள்.

டக்.

என் கையிலிருந்த போனில் வைஃபை செத்தது.

"கேட்டுச்சா?" என்றேன். பக்கத்தில் கவின் அண்ணன் நின்றான். பேயாவது பிசாசாவது என்று ஊரெல்லாம் பேசுகிறவன், என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

நாளைக்குக் காலையில் எனக்கு நர்சிங் காலேஜ் இன்டர்வியூ என்று உனக்குத் தெரியும். வீடியோவில்தான் பேச வேண்டும். பாதியில் கட்டானால் இலவச சீட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். எங்கள் வீட்டிலோ போன் டவர் எடுக்காது. ரோட்டோரம் இருக்கிற சித்தி வீட்டுக்கு மட்டும்தான் நெட் லைன் வந்திருக்கிறது. மிளகுக்கொடித் தகராறுக்குப் பிறகு அந்த வீட்டு வாசலை நாங்கள் மிதிப்பதில்லை. சித்தப்பாதான் சித்திக்குத் தெரியாமல் பாஸ்வேர்டு கொடுத்தார். அந்த சிக்னலை எங்கள் வீடு வரைக்கும் இழுக்க நடுவில் ஒரு ரிப்பீட்டர் வேண்டும். நடுவில் இருப்பது ராமாயி பெரியம்மாவின் ஒற்றை அறை வீடு. ஆடியில் அவர் அங்கேதான் இறந்துபோனார். அதிலிருந்து காலியாகக் கிடக்கிறது.

கவின் அண்ணன்தான் போய் ரிப்பீட்டரை மாட்டிவிட்டு வந்தான். பகலெல்லாம் நன்றாக ஓடும். விளக்கு வைக்கிற நேரமானால் நின்றுவிடும்.

காளப்பநாயக்கன்பட்டியில் அதை எங்களுக்கு விற்ற சுபாஷ் அண்ணன் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன். ரீசெட் செய்தேன். சேனல் மாற்றினேன். எங்கள் வீட்டு ஜன்னலை மறைத்திருந்த தகரத்தைக் கூடக் கழற்றினேன். கடைசியில் அவரே வாட்ஸ்அப் காலில் குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணு, இது சிக்னல் கோளாறு இல்ல. பொட்டிக்கே கரண்டு நிக்குது. யாரோ ஆஃப் பண்றாங்க. அந்த ஊட்டுக்குள்ள யாரு போறாங்கன்னு பாரு."

யார் போவார்கள்? சித்திதான். பாஸ்வேர்டு விஷயம் தெரிந்துபோயிருக்கும். அதனால்தான் இன்று மத்தியானம் புதுப் பூட்டு வாங்கிப் பூட்டினேன். சாயங்காலம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வாசலிலேயே காவல் நின்றேன்.

அப்போதுதான் அந்த 'டக்'.

அதே நேரம் கீழே ரோட்டில் வளப்பூர் பஸ் நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு சித்தி இறங்கினார். எங்களைப் பார்த்ததும் அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"என்ன, அண்ணனும் தங்கச்சியும் பூட்டுன ஊட்டுக்குக் காவலா? உங்க பெரியம்மா எந்திரிச்சு வந்து காப்பி வச்சுத் தருவாளாக்கும்!"

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அப்படியானால் உள்ளே இருப்பது சித்தி இல்லை.

பூட்டைத் திறந்தேன். கதவைத் தள்ளியதும் பழைய மிளகு வாசம். அதோடு, பெரியம்மா தலைக்குத் தேய்க்கிற விளக்கெண்ணெய் வாசம்.

ரிப்பீட்டர் பிளக்கில் இல்லை.

நிலைப்படிக்கு உள்பக்கம், எடுத்துக்கொண்டு போ என்பது போல, தரையில் இருந்தது.

சுவரில் அந்தப் பிளக்கில் சின்னதாக ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அண்ணன் என் காதோரம் முனகினான்.

"சுகந்தி... அத நான் புடுங்கிப் பள்ளத்துல வீசிட்டேன்டி. பாறையில பட்டு ஒடைஞ்சுது. கண்ணால பாத்தேன்."

"எத?"

"அந்த பல்பத்தான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. உயிர் போன இடத்தில் விளக்கு எரிய வேண்டும் என்று அம்மா ஒரு ஜீரோ வாட் பல்பை மாட்டியிருந்தார். காரியம் முடிந்த பிறகும் அணைக்கவில்லை. "எனக்கு இருட்டு ஆகாது சாமி, வெளிச்சத்த மட்டும் நிறுத்திப்போடாதீங்க" என்று பெரியம்மா சாகும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார். அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு பிளக். மல்டி பிளக் எடுத்து வரச் சோம்பல்பட்டு, அண்ணன் அந்த பல்பைப் பிடுங்கிவிட்டு ரிப்பீட்டரைச் செருகியிருக்கிறான்.

"அறிவிருக்குதா உனக்கு?"

"உனக்காகத்தான்டி பண்ணேன்..."

அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. ஓடிப்போய் ஒரு மல்டி பிளக் எடுத்து வந்தான். பல்பை அவன் தொடமாட்டேன் என்றான். நான்தான் கழற்றினேன்.

அது சுடவில்லை. ஜில்லென்று இருந்தது. மழையில் கிடந்த கல்லைத் தொட்டது போல.

ஒரு பக்கம் பல்பு, இன்னொரு பக்கம் ரிப்பீட்டர். இரண்டும் எரிந்தன. "பெரியம்மா, மன்னிச்சுக்குங்க. நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டுப் பூட்டினேன். அதற்குப் பிறகு நெட் ஒரு தடவைகூட அறுபடவில்லை. இன்டர்வியூவுக்கு நான் பேசிப் பழகுவதை உனக்கு வீடியோவில் காட்டினேனே, அப்போதுதான். எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று நீயே சொன்னாய்.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. எங்கேயோ மரம் விழுந்து சுற்றியிருக்கிற ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. காலைக்குள் வராது என்று அப்பா சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

ஜன்னலில் இருந்து பார்க்கிறேன். சித்தி வீடு கும்மிருட்டு. அங்கே ரவுட்டர் செத்துத்தான் கிடக்க வேண்டும். அவர்களிடம் இன்வெர்ட்டரும் கிடையாது.

பெரியம்மா வீட்டுக் கதவுக்கு அடியில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு.

என் போனில் வைஃபை கோடு முழுசாகக் காட்டுகிறது.

இதன் முதல் பாதியை எழுதியதுமே உனக்கு அனுப்பிவிட்டேன். போகாது என்று நினைத்தேன். உடனே இரண்டு டிக் விழுந்தது.

நாளைக்கு நான் இந்த நெட்டில்தான் உட்கார வேண்டும். எனக்கு வேறு வழியும் இல்லை.

ஆனால் கவிதா, இது யார் வழியாக உன்னிடம் வந்து சேர்கிறது?