துண்டுக்குள் ஒரு விரல்

சகாதேவன் செத்து ஒரு வருஷம் ஆகிறது.

அந்த விஷயம் திருவண்ணாமலையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் அப்பாதுரை. இன்னொன்று... ஒரு குதிரை!

அந்தக் குதிரைதான் இப்போது அப்பாதுரைக்கு எதிரே நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. பெயர் மின்னல். கரிய உடம்பு, நெற்றியில் வெள்ளைக் கீற்று. பெங்களூரில் ஏதோ ஒரு கிளப்பில் மார்பளவு உயரக் கம்பை அலட்சியமாகத் தாண்டிக் கோப்பை கோப்பையாக வாங்கிக் கொடுத்த ஜாதிக் குதிரை.

1979. கார்த்திகை தீபத்துச் சந்தை. காலையிலிருந்தே தூறல். திடல் முழுக்கச் சேறு, சாணம், குதிரைக் கனைப்பு.

"இன்னாடா பாக்குற?" என்றான் அப்பாதுரை, பல்லைக் கடித்துக்கொண்டு. "இன்னிக்கு உன்னைத் தலைமுழுகிட்டுத்தான் மறுவேலை!"

மின்னல் கண் சிமிட்டவில்லை.

"யாராண்ட பேசினு இருக்கே நைனா?"

அப்பாதுரை தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினான். தரகர் மக்பூல்! தோளில் சிவப்புத் துண்டு, வாய் நிறைய வெற்றிலை.

"சும்மா... குதிரைகிட்டதான் பாய்."

"நல்லா பேசு. நீ எத்தனை தபா வித்தாலும் உன்னாண்டயே திரும்பி வருதே! போளூருக்கு வித்தே... வந்துச்சு. சேத்துப்பட்டுக்கு வித்தே... வந்துச்சு. செஞ்சிக்கு வித்தே... அதுவும் வந்துச்சு. குதிரையா இது? மாமியார் வூடு தேடற மாப்பிள்ளை மாதிரி!"

"தாண்டற குதிரைக்கு வேலி போட்டா நிக்குமா பாய்?"

"வேலியத் தாண்டறது சரிதான். தாண்டிட்டு எங்க போவுதுன்றேன்!" மக்பூல் குரலைத் தாழ்த்தினார். "மூணு தபாவும் கீழ்பென்னாத்தூர் ரோட்டுல, அந்தப் பாழுங்கெணத்தாண்ட போய்தான் நின்னுச்சாம். தண்ணி கெடையாது, புல்லு கெடையாது. கழுத்த நீட்டி நீட்டி உள்ள பாக்குதாம். சேத்துப்பட்டுக்காரரு அரண்டுட்டாரு. பேய் புடிச்ச குதிரைனு துட்டக்கூட முழுசா திருப்பிக் கேக்கல!"

அப்பாதுரை குதிரையின் கயிற்றை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினான்.

மூன்று முறை தப்பித்துவிட்டான். நான்காவது முறை குதிரையைத் தேடிப் போகிறவன், அது என்னதான் பார்க்கிறது என்று தானும் குனிந்து பார்த்துவிட்டால்...?

விற்றே ஆக வேண்டும். திரும்பி வரவே முடியாத தூரத்துக்கு!

"பாய்... தூரத்துப் பார்ட்டி யாருனா இருக்காங்களா?"

"இல்லாமயா உன்னைத் தேடினு வந்தேன்? மெட்ராஸ்காரரு ஒருத்தரு. தாண்டற குதிரைதான் வேணுமாம். லாரி கையோட கொண்டாந்துகீறாரு."

"பேரு?"

"கேட்டேன். சொல்லல. பேசறதே கம்மி. சால்வைய தலையோட போத்தினு கீறாரு, மூஞ்சி பாதிதான் தெரியுது. அஞ்சு மணிக்கு மேல வராராம்."

மெட்ராஸ்! அப்பாதுரைக்கு உயிர் வந்தது.

"முடிச்சுக் குடு பாய். தரகு ஜாஸ்தியாவே தரேன்."

"அண்ணா..."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். அப்பாதுரைக்கு வந்த உயிர் பாதி போய்விட்டது.

வேதா!

சகாதேவனின் மனைவி. சந்தைக்குள் டீ விற்கிறாள். கையில் பித்தளைத் தூக்கு. நெற்றியில்... இன்னமும் குங்குமம்!

"அவரப் பத்தி எதுனா தெரிஞ்சுதாண்ணா?"

"பம்பாய்ல நல்லாத்தான் கீறானாம். பாத்தவங்க சொன்னாங்க." ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அந்தப் பொய் அவன் வாயில் வழவழப்பாகியிருந்தது. "அந்தப் பொம்பளையோடதான்..."

"யாரோட இருந்தா இன்னா. நல்லா இருந்தா சரி."

அவள் மின்னலின் கழுத்தைத் தடவினாள். எவரையும் கிட்டே விடாத குதிரை, தலையை இறக்கி அவள் தோளில் வைத்துக்கொண்டது.

"இத மட்டும் வித்துராதீங்கண்ணா. அவரு திரும்பி வந்தா மொதல்ல என்னைக் கேக்க மாட்டாரு. மின்னல் எங்கனுதான் கேப்பாரு."

அவள் போய்விட்டாள். அப்பாதுரைக்கு அழ வேண்டும் போலவும் இருந்தது, ஓட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் ஒரு பீடியைப் பற்ற வைத்தான். தூறலில் முதல் குச்சி அணைந்துவிட்டது.

* * *

போன வருஷம் இதே தீபத்துக்கு முந்தின நாள்...

மின்னல் இருவருக்கும் பொதுச் சொத்து. விற்கும் முன் அது இன்னும் உயரமாகத் தாண்டினால் விலை ஏறும் என்று அப்பாதுரைக்கு ஆசை. மூங்கிலில் ஆணி அடித்து, அந்தப் பாழுங்கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில் குறுக்கே கட்டிவைத்துக் குதிரையை ஓட்டினான். காலில் ஆணி குத்தினால் அடுத்த முறை பயத்திலேயே ஒரு சாண் அதிகமாகத் தாண்டும். கசாப்புக்காரன்கூடச் செய்யாத கயவாளித்தனம்!

சகாதேவன் பார்த்துவிட்டான்.

"வாயில்லாத ஜீவனாச்சேடா! சந்தைல எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் பாரு!"

சொல்லிக்கொண்டே குதிரையின் கயிற்றைப் பிடித்தான். கயிற்றை ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிப்பது அவன் வழக்கம். குதிரைக்காரன் செய்யவே கூடாத வழக்கம்.

வாய்ச் சண்டை கைச் சண்டையானது. அப்பாதுரை தள்ளினான்.

சகாதேவன் கிணற்றுக்குள் சரிந்தான். ஆனால் விழவில்லை! ஒரு கை விளிம்பில். மறு கை விரலில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் மின்னல்... பின்னங்காலை மண்ணில் ஊன்றி, அவனை மேலே இழுத்துக்கொண்டிருந்தது!

அப்பாதுரை நினைத்திருந்தால் கை கொடுத்திருக்கலாம்.

சாட்டையைத்தான் ஓங்கினான்.

அடி தாளாமல் குதிரை துள்ளி ஓடியது. கிணற்றிலிருந்து ஒரு அலறல். அப்புறம் சத்தமே இல்லை. கயிற்றின் சுருக்கில் மட்டும்... பாதி விரல்!

அதையும் உள்ளே போட்டு, மேலே கல்லும் முள்ளும் தள்ளி மூடினான். சகாதேவன் ஒருத்தியோடு பம்பாய்க்கு ஓடிவிட்டான் என்று மறுநாள் சந்தையில் முதலில் சொன்னவனும் அவன்தான்.

* * *

சால்வைக்காரர் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

சந்தையே மலையைப் பார்த்து நின்றிருந்தது. உச்சியில் இன்னும் கொஞ்ச நேரத்தில் தீபம்!

"இவருதான் பார்ட்டி" என்றார் மக்பூல்.

அப்பாதுரை கும்பிட்டான். பதிலுக்குச் சால்வை லேசாக அசைந்தது. அவ்வளவுதான்.

அந்த நொடி...

மின்னல் கனைத்தது! காதை நிமிர்த்திக்கொண்டு, கயிற்றை இழுத்துக்கொண்டு, அந்த ஆளிடம் போய் அவர் இடுப்பில் மூக்கைத் தேய்த்தது.

வேதாவை விட்டால், இப்படி அது கொஞ்சிக் குழைவது ஒரே ஒரு ஆளிடம்தான். அந்த ஆள் கிணற்றில் அல்லவா இருக்கிறான்!

"தா... தாண்டிக் காட்டட்டுங்களா?"

சால்வை தலையாட்டியது.

இரண்டு பேர் மூங்கிலை மார்பளவுக்குப் பிடித்தார்கள். மின்னல் நாலு பாய்ச்சலில் வந்து எழும்பியது. கம்புக்கும் குளம்புக்கும் நடுவே இன்னொரு கம்பு புகலாம்! கூட்டம் கை தட்டியது.

"ஆணி இல்லாத கம்புதானே?" சால்வைக்குள்ளிருந்து குரல். கரகரவென்று, சளி பிடித்த குரல்.

அப்பாதுரை ஒரு அடி பின்வாங்கினான்.

"ஏ... ஏங்க அப்படிக் கேக்குறீங்க?"

"கேட்டேன். வெலை பேசலாமா?"

இந்தச் சந்தையில் விலையை எவனும் வாயால் சொல்வதில்லை. மேலே துண்டைப் போட்டு, உள்ளே கையைக் கோத்துக்கொண்டு விரலால்தான் பேச்சு. பிடித்துக் காட்டும் முழு விரல் ஒவ்வொன்றும் ஆயிரம். மடக்கினால் பாதி. பக்கத்தில் நிற்பவனுக்கு மூச்சுகூடத் தெரியாது. இருபது வருஷமாக அப்பாதுரைக்கு இதுதான் பிழைப்பு.

மக்பூல் தன் சிவப்புத் துண்டை இரு கைகளின் மேலும் போட்டார்.

துண்டுக்குள் அந்தக் கை வந்தது. ஈரம். ஐஸ் மாதிரி ஜில்லிப்பு.

அப்பாதுரையின் விரல்கள் தடவின.

சுண்டு விரல்... முழுசு.

மோதிர விரல்... முழுசு.

நடு விரல்... முழுசு.

ஆள்காட்டி விரல்...

பாதி!

மறுபடி தடவினான். பாதிதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மொட்டையாக, கெட்டியாக ஒரு முனை!

அதே கை. அதே விரல்!

"அண்ணாமலையாருக்கு... அரோகரா!"

மலையுச்சியில் குப்பென்று சுடர் எழுந்தது. லட்சம் தொண்டைகள் ஒன்றாக முழங்கின. சந்தையே கைகூப்பியது. துண்டுக்குள் இருந்த அந்தக் கை மட்டும் அப்பாதுரையின் கையை விடவில்லை. இறுக்கியது!

"இன்னா, சம்மதமா?" என்றது சால்வை.

"விடு! விடுறா சகாதேவா!"

அப்பாதுரை போட்ட கூச்சலில் பக்கத்துக் குதிரைகள் மிரண்டன.

"நான் தள்ளினேன்தான்... ஒத்துக்கறேன்! மின்னல் உன்னை இழுத்துச்சு... நான்தான் சாட்டையால அடிச்சேன்! விரலு கயித்தோட வந்துடுச்சு... கெணத்த மூடினதும் நான்தான்! ஒரு வருஷமா தூங்கலடா! கைய விடுறா!"

அரோகரா ஓய்ந்திருந்தது. அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

எங்கோ ஒரு பித்தளைத் தூக்கு கீழே விழுந்து உருண்டது.

சால்வைக்காரர் சால்வையை விலக்கினார். வட்ட முகம். கத்தை மீசை. வயது ஐம்பதுக்குக் குறையாது. அப்பாதுரை தன் ஆயுளில் பார்த்தே இராத முகம்!

துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்து விரித்துக் காட்டினார்.

ஐந்து விரல்கள். ஐந்தும் முழுசாக!

"யோவ்... மூணாயிரத்து ஐநூறுனு விரல மடக்கிக் காட்டினேன். கட்டுப்படியாகலனா ஆகலனு சொல்ல வேண்டியதுதானே? அதுக்கு எதுக்குய்யா கொலையெல்லாம் ஒத்துக்கற?"

அப்பாதுரை அந்த விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான்.

"நீ... நீங்க யாரு?"

"கண்ணாயிரம். குதிரைப் போலீஸ் இன்ஸ்பெக்டர். எங்க டீமுக்குத் தாண்டற குதிரை ஒண்ணு வாங்க வந்தேன். யூனிஃபார்மப் பாத்தா வெலைய ஏத்திடுவீங்கனு சால்வை. போதாததுக்கு மூணு நாளா சளி."

"குதிரை... உங்களப் பாத்துக் கனைச்சுதே..."

இன்ஸ்பெக்டர் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். அச்சு வெல்லம்!

"ஆணி...?"

"முன்னங்காலுல பழைய தழும்பு இருக்கே. வாங்க வந்தவன் கால பாக்காம வாங்குவேனா?"

அப்பாதுரை சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆயிரம் பேரத்தில் ஆயிரம் மடக்கிய விரலைத் தடவிய கை அது. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் அதற்குக் கணக்கு மறந்துவிட்டது.

கூட்டம் விலகி வழிவிட்டது. வேதா வந்தாள். அவள் அழவில்லை. அவனை அடிக்கவும் இல்லை.

"ஒரு வருஷமா பம்பாய்க்காரிய வாய்க்கு வந்தபடி திட்டினு இருந்தேன்" என்றாள். "இல்லாத ஒருத்திய..."

மின்னலின் நெற்றியைத் தடவினாள்.

"இந்தக் குதிரைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலியேண்ணா!"

அந்த 'அண்ணா'வைக் கேட்டு அப்பாதுரை முகத்தை மூடிக்கொண்டு அழுதான். செத்தவன் பிடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வேதா மின்னலின் கயிற்றை அவிழ்த்தாள். விரலில் சுற்றவில்லை. உள்ளங்கையில் தளரப் பிடித்துக்கொண்டாள். குதிரை யாரும் சொல்லாமலே கீழ்பென்னாத்தூர் ரோட்டுப் பக்கம் திரும்பியது.

"கூட ரெண்டு பேரு போங்கய்யா" என்றார் இன்ஸ்பெக்டர், லாரியில் கூட வந்த தன் ஆட்களிடம். "வழி கேக்காதீங்க. அது போற எடம்தான் நாம போக வேண்டிய எடம்."

மக்பூல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தயங்கித் தயங்கி நெருங்கினார்.

"சார்... பேரம் பாதியில நிக்குது. என் தரகு...?"

கண்ணாயிரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தனையோ கேஸ் பாத்துட்டேன் பாய்... சாட்சிக்குத் தரகு கேட்ட மொத ஆளு நீதான்!"