ஒன்பதாம் எண் முதுகு

'ஓய்வில் இருக்கிறேன். விற்க வந்தவர்களும் அழ வந்தவர்களும் மணியை அடிக்க வேண்டாம்' என்று கேட்டில் பலகை தொங்கியது. அதை முழுசாகப் படித்துவிட்டுத்தான் அந்தப் பெண் மணியை அடித்தாள். அவள் விற்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை.

கதவைத் திறந்தவர் துப்பறிவாளரின் மைத்துனர். இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அக்கா வீட்டுச் சாப்பாடும் அத்தானின் பழைய வழக்குக் கதைகளும் இல்லாமல் அவருக்கு ஓடாது. வாசலில் ஒன்பதாம் எண் போட்ட சிவப்பு ஜெர்சியும் கால்பந்து பூட்ஸுமாக நின்றவளைப் பார்த்ததும் மனுஷனுக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

"அத்தான், கேஸு வந்திருக்கு!"

"கேஸா, கேஸ் சிலிண்டரா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

துப்பறிவாளர் நிதானமாக வந்து உட்கார்ந்தார். போலீஸில் இருந்த காலத்தில் எதையும் நம்பாததால் பிழைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பால்காரன் பால் என்று சொன்னாலும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

"உக்காரும்மா."

"வேணாம் சார், சோபா நனைஞ்சிடும். ஜெர்சி இன்னும் காயல." அவள் நின்றபடியே பேசினாள். "எதிர்ல இருக்கிற ஸ்டேடியத்துல காலேஜ் கிளப் அணிகளுக்கான தேசியச் சாம்பியன்ஷிப் நடக்குது சார். எங்க டீமுக்கு நான்தான் கேப்டன். இன்னைக்குச் சாயங்காலம் ஃபைனல். அதுக்குள்ள எங்களைத் திருடிங்கன்னு சொல்லி வெளிய அனுப்பப் போறாங்க."

"என்ன திருடு போச்சு?"

"கோப்பை சார். நேத்து ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துல ஆபீஸ் மேஜையிலிருந்து காணாமப் போச்சாம். விடிஞ்சதும் எங்க பந்துப் பையை ஸ்டேடியம் பந்து ரூம்லேர்ந்து நாங்க தங்கியிருக்கிற ஹாஸ்டல் ரூமுக்குத் தூக்கிட்டு வந்தோம். போட்டிக் குழுத் தலைவர் வந்து தேடினப்போ அதுக்குள்ள இருந்துச்சு. நான் எடுத்ததைப் பாத்த சாட்சி இருக்காம். யாரு, என்ன பாத்தாருன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. விசாரணையில கேட்டுக்கோன்னு தலைவர் சொல்லிட்டாரு. டீமுக்கு ஒரு பெரியவர் வந்து பேசலாம்னு விதி. நாங்க கிளப்பு சார், காலேஜோட சொந்த டீம் இல்ல. நாங்களே சேர்ந்து, நாங்களே நடத்துறோம். எங்களுக்குக் கோச்சே கிடையாது. இந்தத் தெருவுல விசாரிச்சோம். கடைக்காரர் உங்க வீட்டைக் காட்டினாரு. கூடவே, நீங்க கடிப்பீங்கன்னும் சொன்னாரு."

மைத்துனர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். துப்பறிவாளர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"உங்களை நீக்கினா ஃபைனல்ல யாரு ஆடுவாங்க?"

"நேத்து செமிஃபைனல்ல எங்ககிட்ட தோத்த பச்சை டீம். அந்தப் பக்கம் நீல டீம் ஏற்கெனவே ஜெயிச்சு உக்காந்திருக்கு."

"அந்தப் பந்துப் பையைப் பத்திச் சொல்லு."

"ஒரே பைதான் சார். ஜிப்பு போடணும்னா ஒருத்தர் மேல ஏறி உக்காரணும். அவ்வளவு நெருக்கம். எல்லாம் பழைய பந்து. ஒண்ணு ஒரு பக்கம் வீங்கிக் கெடக்கும். அதுக்குப் பூசணின்னு பேரு. அதைத்தான் எப்பவும் கடைசியா மேல வைப்போம். நேத்து மேட்ச் முடிஞ்சதும் பந்து ரூம்ல வைக்கிறப்போ அங்க இருக்கிற காவலாளி அண்ணன்தான் மேல உக்காந்து உதவி பண்ணாரு."

"ஜெர்சி ஏம்மா ஈரம்?"

"ஒரே செட்டுதானே. மேட்ச் முடிஞ்ச கையோட எல்லாத்தையும் ஹாஸ்டல் வாஷிங் மெஷின்ல போட்டோம். சேறு பாத்துட்டு வார்டன் அம்மா ஒரு மூச்சு திட்டித் தீத்துட்டாங்க. விடிஞ்சப்புறம்தான் கையில கிடைச்சுது." அவள் நிமிர்ந்தாள். "சார், கிரவுண்டுல தோத்தா வீட்டுக்குப் போய்க் கால் நீட்டித் தூங்குவேன். மேஜையில தோத்துட்டு எங்க பொண்ணுங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

துப்பறிவாளர் எழுந்து செருப்பை மாட்டினார். அவர் வாயால் சரி என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

* * *

தெருவைக் கடக்கும்போதே மைத்துனர் வழக்கை முடித்துவிட்டார். "நீல டீம் கோச்சுதான் அத்தான். நம்ம ஒன்பதாம் நம்பரைப் பாத்து அவருக்கு வயித்தைக் கலக்குது."

"அவரு ஃபைனல்ல இருக்காரு. யாரு வந்தாலும் ஆடித்தான் ஆகணும்."

"அப்போ காவலாளி. சாவி அவன்கிட்டதான் இருக்கும்."

"பந்து ரூமுக்குச் சாவியே இல்லைன்னு அந்தப் பொண்ணு வர்ற வழியில சொல்லுச்சே. காதுல பஞ்சா வச்சிருக்கே?"

கேப்டன் தன் அணியைப் பார்க்க முன்னால் ஓடிவிட்டாள். இவர்கள் பக்கத்து மைதானத்தை ஒட்டி நடந்தார்கள். அங்கே பச்சை அணிப் பெண்கள் பளபளவென்ற பயிற்சி உடுப்பில் ஓடியாடிக் கொண்டிருந்தார்கள். ஒரு பந்து எல்லையைத் தாண்டி மைத்துனரின் காலடியில் வந்து நின்றது.

"அங்கிள், அடிங்க!" என்று ஒருத்தி கத்தினாள்.

மைத்துனர் வேட்டியை மடித்துக் கட்டி ஓங்கி ஓர் உதை விட்டார். நேராகப் புறப்பட்ட பந்து பாதியில் மனம் மாறி இடப்பக்கம் திரும்பி வேலியில் மோதியது. பெண்கள் சிரித்தார்கள். மைத்துனருக்கு முகம் சுண்டிப்போனது.

"ஒரு காலத்துல நல்லா ஆடுவேன் அத்தான். வயசாயிடுச்சு."

"இருக்கும்," என்றார் துப்பறிவாளர். ஆனால் பார்வை மைத்துனரின் கால் மேல் இல்லை. "மாப்ளே, இவங்க நேத்து தோத்தவங்கதானே? தோத்தவங்க எதுக்கு இவ்வளவு வேர்வை சிந்துறாங்க?"

மைத்துனருக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதபோது பேசாமலிருக்கும் வழக்கமும் அவருக்கு இல்லை. "உடம்புக்கு நல்லதுன்னு இருக்கும்," என்று சொல்லி வைத்தார்.

துப்பறிவாளர் ஆபீஸுக்குப் போகாமல் முதலில் ஹாஸ்டல் பக்கம் திரும்பினார். மைத்துனரை வெளியே நிறுத்திவிட்டு வார்டன் அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினார். அடுத்துக் காவலாளியிடம் இரண்டு வார்த்தை. வரும்போது இருவரும் அவர் பின்னால் வந்தார்கள். வார்டன் அம்மா வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

* * *

விசாரணை அறையில் நீள மேஜை. ஒரு முனையில் போட்டிக் குழுத் தலைவர், கோட்டு சூட்டோடு. அவருக்கு முன்னால் கோப்பை. அவருக்கு இடப்பக்கம் பச்சை அணியின் கோச். கழுத்தில் வெள்ளி விசில், மேலெல்லாம் வாசனை, வாயில் வெல்லம். இப்படி மெல்லப் பேசுகிற ஆளை உலகம் சட்டென்று நம்பிவிடுகிறது. எதிரே நீல அணியின் கோச், கொட்டாவி விட்டபடி. மேஜையின் கீழ்முனையில் கேப்டன் நின்றாள்.

"சாட்சி சொன்னவரு இவருதான்," என்று தலைவர் பச்சை அணிக் கோச்சைக் காட்டினார். "எனக்குப் பல வருஷப் பழக்கம். பொய் சொல்ற ஆளு இல்ல."

"அப்ப நல்லதாப் போச்சு," என்றார் துப்பறிவாளர். "ஐயா, என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க."

"பாவம், சின்னப் பொண்ணு. சொல்லவே மனசு வரல," என்று கோச் பெருமூச்சு விட்டார். "எல்லாரும் சாப்பிட்டுட்டிருந்த நேரம். ஃபோன் பேசலாம்னு வராந்தாவுக்கு வந்தேன். ஆபீஸ் ரூம்லேர்ந்து இந்தப் பொண்ணு கையில எதையோ அணைச்சுக்கிட்டுப் பந்து ரூமுக்குப் போச்சு."

"முகத்தைப் பாத்தீங்களா?"

"முதுகுதான் தெரிஞ்சுது. ஆனா சந்தேகமே வேணாம். சிவப்பு ஜெர்சி, முதுகுல பெருசா ஒன்பது."

"மேல ஜாக்கெட் கீக்கெட்டு?"

"ஒண்ணும் இல்ல. வராந்தாவுல நல்ல வெளிச்சம். ஒன்பது பளிச்சுனு தெரிஞ்சுது."

"வேற நம்பரா இருக்கலாமே? ஆறைத் தலைகீழாப் பாத்திருப்பீங்க."

கோச் புன்னகைத்தார். "மனுஷங்க தலைகீழா நடக்க மாட்டாங்க சார். அது ஒன்பதுதான். எங்க வேணாலும் சத்தியம் பண்றேன்."

"சத்தியம் வேணாம். நீங்க சொன்னதே போதும்." துப்பறிவாளர் திரும்பினார். "வார்டன் அம்மா, இந்தப் பிள்ளைங்களை உங்களுக்குப் பிடிக்குமா?"

"பிடிக்கிறதாவது!" வார்டன் அம்மா பொரிந்து தள்ளினார். "படி பூரா சேறு. சொன்ன பேச்சு ஒண்ணு கேக்குதுங்களா? நேத்து மேட்ச் விட்டு வந்ததும் மொத்தத் துணியையும் என் மெஷின்ல கொட்டிடுச்சுங்க. ஒண்ணு விடாம நானே எண்ணித்தான் உள்ள போட்டேன். இல்லாட்டி காலையில சாக்ஸைக் காணோம்னு என் உசிரை எடுக்கும்ங்க."

"ஒன்பதாம் நம்பர்?"

"அதுலதான் சேறு அதிகம். போட்டுட்டு அறையைப் பூட்டிட்டேன். சாவி என் இடுப்புல. விடிஞ்சுதான் தொறந்தேன். துணி பிழிஞ்ச மேனிக்குக் கெடந்துச்சு."

நீல அணிக் கோச்சின் கொட்டாவி பாதியில் நின்றது.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "வேற ஜெர்சி இருந்திருக்கும். எந்த டீமுக்கும் ரெண்டு மூணு செட்டு..."

"எங்களுக்கு இல்ல சார்," என்றாள் கேப்டன். "வேணும்னா எங்க ரூமை மறுபடியும் சோதனை போட்டுக்கோங்க. காலையில போட்டீங்களே, இன்னொரு செட்டு பாத்தீங்களா?"

தலைவர் பார்க்கவில்லைதான். அவர் முகமே அதைச் சொன்னது.

"ஐயாவோட தப்பு அங்கதான்," என்று துப்பறிவாளர் குரலை உயர்த்தாமல் பச்சை அணிக் கோச்சின் பக்கம் திரும்பினார். "உங்க டீமுக்கு ஆடுறதுக்கு ஒண்ணு, பயிற்சிக்கு ஒண்ணு, கையிருப்பு ஒண்ணு. மேட்ச் முடிஞ்சாலும் பொண்ணுங்க ஜெர்சியிலதான் சுத்துவாங்கன்னு நெனச்சுட்டீங்க. ஒரே செட்டைத் துவைச்சுத் துவைச்சுப் போடுற டீமை நீங்க பக்கத்துல போய்ப் பாத்ததில்ல. நேத்து முழுக்க உங்க ஆளுங்களைத் தாண்டி ஓடின அந்த ஒன்பதாம் நம்பர் முதுகு உங்க கண்ணை விட்டுப் போகல. பொய் சொல்ல வாயைத் தொறந்ததும் அதுதான் வந்துச்சு."

"வெளிச்சம் கொஞ்சம் கம்மிதான்... நான் தப்பாப் பாத்திருக்கலாம்," என்றார் கோச். வாயில் வெல்லம் குறைந்திருந்தது. "தப்பாப் பாத்தா திருடன் ஆயிடுவேனா?"

"ஆக மாட்டீங்க. அதுக்கு வேற ஒண்ணு இருக்கு. காவலாளி, நேத்து இவங்க பையை மூடினது யாரு?"

"நான்தாங்க மேல உக்காந்தேன்," என்றார் காவலாளி. "ஜிப்பு நகரவே இல்லீங்க. கடைசியா அந்தக் கோணப் பந்தை உள்ள அமுக்கி, மூச்சைப் பிடிச்சு மூடினோம்."

"ஊசி நுழைய இடமில்லாத பையில இத்தாம் பெரிய கோப்பை எப்படிப் போச்சு? ஏதோ ஒண்ணு வெளிய வந்திருக்கணும். காலையில பையைத் தொறந்தப்ப பூசணி இருந்துச்சாம்மா?"

கேப்டன் கண்களை மூடித் திறந்தாள். "இல்ல சார்! கோப்பையைப் பாத்த அதிர்ச்சியில பந்தை யாரு பாத்தா?"

"மாப்ளே," என்றார் துப்பறிவாளர், "வர்ற வழியில நீ உதைச்ச பந்தைக் கொண்டா."

மைத்துனருக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வயதில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது பந்து கையிலும், பச்சை அணிப் பெண்கள் பாதிப் பேர் பின்னாலும் இருந்தார்கள்.

"இது எங்க கிடைச்சுதும்மா?"

"எங்க பையிலதான் அங்கிள்," என்றாள் பச்சை அணிப் பெண்ணொருத்தி. "கோச் சார் காலையில அவரே தூக்கிட்டு வந்து கொட்டினாரு. ஃபைனல் ஆடவேண்டி வரும், தயாரா இருங்கன்னாரு."

"எப்போ சொன்னாரு?"

"நாங்க எந்திரிச்சதும்."

துப்பறிவாளர் தலைவரைப் பார்த்தார். "கோப்பை காணாமப் போனது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அதுக்கப்புறம்... டிபன் முடிஞ்சு ஆபீஸுக்கு வந்தப்போதான்," என்றார் தலைவர். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"பந்து ரூம்ல மாறியிருக்கும்!" என்று கோச் குறுக்கே பாய்ந்தார். "பந்துன்னா எல்லாம் ஒண்ணுதானே? இது எங்க பந்தாக்கூட இருக்கலாம்."

"மேஜையில உருட்டட்டுமா சார்?" என்றாள் கேப்டன். "எங்க பூசணியா இருந்தா அது நேராப் போகாது. என் கையிலேர்ந்து புறப்பட்டா வலப்பக்கம்தான் போகும்னு நெனப்பீங்க, கடைசியில இடப்பக்கம் சாயும்."

மேஜையின் கீழ்முனையிலிருந்து அவள் பந்தை விட்டாள். தண்ணீர்க் குவளையைத் தொடாமல் தாண்டி நேராகத்தான் போனது. நடுவில் ஒரு குலுங்கல். கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கியது. பிறகு சொல்லி வைத்தாற்போல இடப்பக்கம் திரும்பிற்று. ஆனால் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் நீல அணிக் கோச். பந்து அவர் மடியில் போய் விழுந்தது.

"ஐயோ, நான் இல்லப்பா!" என்று அவர் கையைத் தூக்கினார். அத்தனை பேரும் சிரித்தார்கள், ஒருவரைத் தவிர.

பச்சை அணிக் கோச் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஃபைனலுக்குப் போகலேன்னா அடுத்த வருஷம் வேற கோச்சுன்னு கிளப்புல சொல்லிட்டாங்க," என்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "இவங்களுக்கு எதுவும் தெரியாது."

"சார், தோத்தா தோத்தோம்," என்றாள் அந்தப் பச்சை அணிப் பெண். "நாங்க கேட்டோமா இப்படி?"

கோச் எழுந்து வெளியே போனார். வழிவிட்டவர்கள் சற்று அதிகமாகவே ஒதுங்கி வழிவிட்டார்கள்.

தலைவர் கோட்டைச் சரிசெய்துகொண்டார். "பிள்ளைங்க மனசு கலங்கியிருக்கும். வேணும்னா ஃபைனலை நாளைக்கு வச்சுக்கலாம்."

"நாளைக்கு எங்களுக்குப் பரீட்சை சார்," என்றாள் கேப்டன். "இன்னைக்கே ஆடிடுறோம்."

* * *

ஆடினார்கள். நீல அணி ஒன்பதாம் எண்ணுக்கு இரண்டு பேரைக் காவல் வைத்தது. அவள் அந்த இருவரையும் மைதானத்தின் ஓரத்துக்கு ஓரம் இழுத்துக்கொண்டு அலைந்தாள். காலியான நடுவில் மற்றவர்கள் புகுந்து இரண்டு கோல் போட்டார்கள். பச்சை அணிப் பெண்கள் சிவப்பு அணியின் பக்கம் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினார்கள். மைத்துனர் அவர்களைவிடச் சத்தமாகக் கத்தி, நடுவரிடம் ஒரு முறை எச்சரிக்கையும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பரிசளிப்பு மேடையில் தலைவர் கோப்பையை இரண்டு கைகளாலும் நீட்டினார். கேப்டன் வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வாங்கிக்கோம்மா."

"காலையில எங்க ரூம்லேர்ந்து நீங்கதானே சார் எல்லார் கண்ணுக்கும் தெரியிற மாதிரி இதைத் தூக்கிட்டு வந்தீங்க?" என்றாள் அவள், மைக்கில் விழும்படியாக. "நீங்களே கொண்டுபோய் வச்சிடுங்க."

தலைவர் சுற்றிலும் பார்த்தார். துப்பறிவாளர் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லை. கோட்டு சூட்டோடு கோப்பையை மார்பில் அணைத்துக்கொண்டு தலைவர் மேடையை விட்டு இறங்கினார். மைதானத்தைக் கடந்து, ஹாஸ்டல் படியேறினார். சேற்றுக் கால்களோடு மொத்த அணியும் அவர் பின்னால் ஏறியது. வார்டன் அம்மா இடுப்பில் கை வைத்தபடி படிமேல் நின்றார். சேற்றைப் பார்த்தபடியே சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்.