மலைக்காற்று நின்ற பிறகு

புழுதி மணந்தது. கரையை விட்டு இருபது மைல் வந்தாகிவிட்டது. சுற்றிலும் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் அசையாத கடல். முதல் மழையில் மலைகள் பச்சை கட்டி இரண்டு வாரமாகிறது. ஆனாலும் ஜனவரியில் மலைக்காற்று அள்ளிக்கொண்டு வரும் அந்த வீச்சம், காய்ந்த புல்லும் செம்மண்ணும் கலந்தது, உபால்டோவின் மூக்கில் ஏறியது. திரும்பிப் பார்த்தான். படகின் கொடி தொங்கிக் கிடந்தது.

"என்னடா மோந்து பாக்கற? நாயா நீ?" என்றார் எவரிஸ்டோ.

மீன்பிடிக்க வருகிறவர்கள் தங்கும் விடுதிக்கும் அதன் மூன்று படகுகளுக்கும் சொந்தக்காரர் அவர். குவானகாஸ்தே கரையில் மே பிறந்தால் ஆள் உயர மர்லின் மீன்களின் பருவம். முதல் மீனோடு தன் படம் இன்றே வெளிநாட்டு விருந்தாளிகளுக்குப் போயாக வேண்டும் என்று விடியும்போதே படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"கரைக்குப் போனதும் விருந்தாளிங்களுக்கு எழுதிடு. காத்து நின்னாச்சு, தண்ணி இருபத்தொம்போது டிகிரி, மீன் துள்ளிக்கிட்டு நிக்குது. புரிஞ்சுதா?"

உபால்டோ பல்லைக் கடித்தான். ஜனவரியிலிருந்து கடித்துக் கடித்துத் தாடையே வலியெடுத்துப் போயிருந்தது.

அப்போது மலைக்காற்று மூன்று நாள் ஓயாமல் ஊளையிட்டது. விருந்தாளிகளுக்கு உயிருள்ள இரைமீன் வேண்டுமென்று, உபால்டோ ஓட்டும் இந்தப் படகில் ஒன்பது வருடம் வேலை பார்த்த எலியேசரைச் சின்னப் படகில் தனியாக அனுப்பியவர் இதே எவரிஸ்டோதான். கவிழ்ந்த படகு கிடைத்தது. எலியேசர் கிடைக்கவில்லை. குடித்துவிட்டுத் தன் இஷ்டத்துக்குப் போனான் என்று முதலாளி எழுதிய தாளில் உபால்டோ சாட்சிக் கையெழுத்துப் போட்டான். எலியேசரின் வாயில் சாராயம் பட்டதே இல்லை. துறை முழுக்க அது தெரியும். அவன் மனைவி யமிலேத் வழியில் எதிர்ப்பட்டால் திட்டுவதில்லை, ஆளே இல்லாத இடத்தைப் பார்ப்பதுபோல் உபால்டோவைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். இந்தப் படகில் வேலைக்கு வர இப்போது ஒருத்தனும் தயாரில்லை. சுக்கானும் தூண்டிலும் அவன் ஒருவன் பாடுதான்.

பத்து மணிக்கு இடப்பக்கத் தூண்டில் இரண்டு முறை வெட்டியது. மீன் இழுப்பதுபோல் இல்லை. கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. உபால்டோ சுற்றி இழுத்தான். இரைமீன் முழுசாக வந்தது, ஒரு பல் தடம்கூட இல்லாமல். ஆனால் தண்ணீரில் திறந்துகொள்ளாமலிருக்க அதன் வாயை அவன் காலையில் ஒரே தையலில் முடிந்திருந்தான். இப்போது செவுளுக்கடியில் நெருக்கமாக மூன்று தையல்கள். முடிச்சு இடது கண்ணுக்குப் பின்னால்.

அப்படித் தைக்கிறவன் ஒருவன்தான் இருந்தான்.

"நல்லாத்தானடா தெச்சிருக்க. திரும்பப் போடு," என்றார் எவரிஸ்டோ.

"கரைக்குப் போயிடலாம் முதலாளி."

"ஏன்? குடிகாரப் பயலோட பேயி வருதா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் உபால்டோவின் காதுமடல் சுட்டது. இரைமீனைத் தூக்கி எறிந்தான். அது விழுந்த இடத்திலிருந்து வட்டம் விரிந்து விரிந்து, சட்டென்று நின்றது. புழுதி வாசனை இன்னும் கெட்டியாகித் தொண்டையில் படிந்தது. தூண்டில்களின் தங்கூசி நரம்புகள் விம்ம ஆரம்பித்தன, பெருங்காற்றில் விம்முவதுபோல். முதலாளியின் தொப்பி பறந்தது. கொடி படபடத்தது. படகுக்கு வெளியே கடலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. காற்று படகின்மேல் மட்டும் அடித்தது.

பிறகு வலப்பக்கக் கழி வளைந்தது.

எவரிஸ்டோ மீன் இழுக்கும் நாற்காலியில் பாய்ந்து உட்கார்ந்து, கழியைப் பிடித்து, இடுப்புப் பட்டையை நரம்பு சுற்றும் ரீலில் மாட்டினார். உபால்டோ எஞ்சினைத் தணித்தான். மர்லின் என்றால் ஓடும், எகிறும். இது ஓடவில்லை. நேராகக் கீழே இழுத்தது. மெதுவாக. படகின் பின்பக்கம் தாழ்ந்தது. தண்ணீர் விளிம்பைத் தொட்டது.

"வெட்டுடா! கயித்த வெட்டு!"

உபால்டோ கத்தியை எடுத்தான். வெட்டவில்லை. ஐந்து மாதம் விழுங்கி வைத்ததெல்லாம் கையில் வந்து நின்றது.

"சொல்லுங்க. அவன் குடிச்சிருந்தானா?"

"பைத்தியமாடா உனக்கு?"

"குடிச்சிருந்தானா?"

தண்ணீர் உள்ளே வழிந்தது. எவரிஸ்டோவின் பாதம் நனைந்தது.

"இல்லடா! குடிக்கல! நான்தான் அனுப்பினேன்! போக மாட்டேன்னான், வேலைய விட்டுத் தூக்கிடுவேன்னு மெரட்டி அனுப்பினேன்! போதுமா?"

இழுப்பு விட்டது.

காற்று நின்றது. படகு நிமிர்ந்தது. எவரிஸ்டோ அழுதுகொண்டே சுற்றினார். எடை மேலே வந்தது, சண்டை போடாமல், இணங்கி. தூண்டில் முள்ளை ஒட்டிய கடைசி இருபது அடி தடித்த தங்கூசி தெரிந்தது. உபால்டோ கத்தியை விளிம்பில் வைத்தான். வருடக்கணக்கான பழக்கம், யோசிக்காமலே கை நீண்டது. பற்றி, உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றினான்.

கீழே பார்த்தான்.

தெளிந்த நீர். தங்கூசியின் மறுமுனையில் மீன் இல்லை. ஒரு கை. அதிலும் இரண்டு சுற்று.

"முதலாளி. வெட்டுங்க."

எவரிஸ்டோ பட்டையைக் கழற்றி எழுந்தார். கத்தியை எடுத்தார். எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது. உபால்டோவை நிமிர்ந்து பார்த்தபோது அந்தக் கண்களில் பழைய முதலாளி திரும்பியிருந்தார்.

"நான் சொல்லிட்டேன். கையெழுத்துப் போட்டது நீ."

வெட்டினார். உபால்டோவின் கைக்குக் கீழே அல்ல. மேலே, ரீலுக்கும் கைக்கும் நடுவில்.

சுக்கானுக்குப் பாய்ந்தார், எஞ்சின் உறுமியது. உபால்டோவின் வயிறு விளிம்பில் உரசியது. பிறகு விளிம்பு இல்லை. வெதுவெதுப்பான நீர் காதில் நிறைந்தது. படகின் வெள்ளை நுரை தலைக்குமேல் கடந்து போனது. சுற்றை அவிழ்க்க விரல்கள் தேடின. இறுகியிருந்தது. கத்தினான். கோபமெல்லாம் குமிழியாக மேலே போனது.

கீழே அந்தக் கை அவசரப்படவில்லை. தங்கூசியை முழம் முழமாக உள்ளே வாங்கியது. எலியேசரின் முகம் தெளிந்தது. கண்கள் திறந்திருந்தன. போகிற படகை அவை பார்க்கவில்லை.